ஹோல்டெம் தெரிந்தவர் ஒமாஹாவில் எங்கே சறுக்குகிறார்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

காலபோக நெல் கதிர் தள்ளத் தொடங்கினால் ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களில் இரவு நித்திரை கிடையாது. பன்றி வரும், சில இரவுகளில் யானையும் வரும். காவல் கொட்டிலில் நாலைந்து பேர் விடியும் வரை விழித்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்களுக்கு எப்போதும் முன்னூற்றி நாலு என்ற காட் விளையாட்டுத்தான். பிறகு போனில் ஹோல்டெம் (கையில் இரண்டு காட் வைத்து ஆடும் போக்கர்) பழகிய தம்பிமார் வந்தார்கள். அதன் பிறகு கனடாவில் இருந்து வந்து நின்ற மச்சான் ஒருவர் ஒமாஹாவைக் காட்டிவிட்டுப் போனார். இப்போது கொட்டிலில் அதுதான் ஓடுகிறது. காசு வைப்பதில்லை. புளியங்கொட்டை ஒன்று, மஞ்சாடிக்கொட்டை பத்து.

புதிதாக வந்து அமர்ந்த எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் விழுந்தார்கள். அந்த இடங்களை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அதை மட்டும் பார்த்தாலும் போதும். ஆனால் முதல் அறிகுறியை எல்லோரும் வாசியுங்கள்.

விளையாட்டு இதுதான்: கையில் நாலு காட், மேசையில் ஐந்து பொதுக் காட். கையில் இருந்து சரியாக இரண்டு, மேசையில் இருந்து சரியாக மூன்று. கூடவும் முடியாது, குறையவும் முடியாது. பொதுவாகப் பொட் (நடுவில் சேர்ந்து கிடப்பது) அளவுக்குள்தான் கேட்கலாம், அதாவது பந்தயம் வைக்கலாம். 1980களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸின் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதியில் இதை அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயர் ‘நக்கெட் ஹோல்டெம்’. அந்தப் பெயரே பாதிப் பேரைப் பிழையான வழியில் அனுப்பியிருக்கும். ஹோல்டெமில் இரண்டு காட் கூடியதுதானே என்று நினைத்து உட்காருகிறவர்தான் அதிகம் இழக்கிறார்.

அறிகுறி: “எனக்கு ஃபிளஷ் இருக்கிறது” என்று திறந்து காட்டுகிறேன், இல்லை என்கிறார்கள்

ஃபிளஷ் என்றால் ஐந்து காட்டும் ஒரே இனம். ஒருநாள் மேசையில் கிடந்தது ஆட்டின் (ஹார்ட்ஸ்) கிங், ஆட்டின் 9, ஆட்டின் 6, ஆட்டின் 2, ஸ்பேட் ஜாக். எனக்கு எதிரே இருந்த மச்சானின் கையில் ஆட்டின் ஆஸ், இரண்டு குயின் (ஸ்பேடும் கிளாவரும்), டைமன் 5. கொட்டை எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளிவிட்டு ஆஸைத் திருப்பிப் போட்டான். மற்றவர் ஆட்டின் 4, ஆட்டின் 3 இரண்டையும் பேசாமல் வைத்தார்.

“ஆஸ் ஃபிளஷ். நாலும் மூன்றும் என்ன செய்யும்?”

“மச்சான், உன்னுடைய மற்ற ஆட்டின் எங்கே?”

“மேசையில நாலு கிடக்குதே.”

“மேசையில மூன்றுதான் எடுக்கலாம். கையில ஒன்றுதானே வைச்சிருக்கிறாய்.”

அவன் டோர்ச்சை வாங்கி ஒவ்வொரு காட்டாக அடித்துப் பார்த்தான். அவனிடம் இருந்தது குயின் ஜோடி மட்டும்.

ஹோல்டெமில் ஒற்றை ஆட்டின் ஆஸ் அங்கே ராசா. இங்கே அதற்குத் துணை வேண்டும். இதே நோய் இன்னும் இரண்டு வடிவத்தில் வரும். மேசையில் 5-6-7-8 கிடக்க, கையில் ஒற்றை 9 இருந்தால் ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்து வரும் ஐந்து காட்) என்று நினைப்பது ஒன்று. அந்த 9க்குப் பக்கத்தில் பொருந்தும் இரண்டாவது காட் இல்லாவிட்டால் அது ஒன்றுமில்லை. மற்றது இன்னும் கள்ளமானது: மேசையில் 8-8-8-கிங்-4, உங்கள் கையில் ஆஸ்-கிங்-குயின்-ஜாக். ஹோல்டெம் கண் உடனே ஃபுல் ஹவுஸ் (ஒரே காட் மூன்று, இன்னொரு ஜோடி) என்று சொல்லும். எண்ணிப் பாருங்கள். மூன்று எட்டையும் எடுத்தால் மேசைக் கிங்குக்கு இடமில்லை. மேசைக் கிங்கை எடுத்தால் ஒரு எட்டு போய்விடும். உங்களிடம் இருப்பது மூன்று எட்டும் ஆஸ்-கிங்கும்தான். கையில் வெறும் 2-2 வைத்திருப்பவர் ஃபுல் ஹவுஸோடு உங்களை அடித்துவிடுவார்.

திருத்தம்: வாயால் சொல்லாதீர்கள், கையால் செய்யுங்கள். கையில் இருந்து இரண்டு காட்டை மேசைக் காட்டுகளுக்குக் கீழே வையுங்கள். மேசையில் இருந்து மூன்றைக் கீழே இழுங்கள். ஐந்தும் ஒரே வரியில் கிடந்தால்தான் அது கை. நாலு காட்டில் இருந்து ஆறு ஜோடி வரும்: முதல் காட் மற்ற மூன்றோடும், இரண்டாவது மிச்ச இரண்டோடும், மூன்றாவது கடைசியோடும். அந்த ஒழுங்கிலேயே பாருங்கள், ஒன்றும் தப்பாது.

பழக்கத்துக்கு நாங்கள் செய்தது: கொட்டையே வைக்காமல் நாலு பேருக்கும் காட் போட்டு, எல்லாவற்றையும் முகம் மேலே திருப்பி, மேசையில் ஐந்தையும் விரித்து, யார் வென்றார் என்று சொல்ல வேண்டும். முதலில் சொல்பவருக்கு அடுத்த பிளேன்ரீயில் சீனி கூட. ஒரு கிழமை இப்படி இருந்தால் கண் மாறிவிடும். இந்தப் படியைத் தாண்டாமல் கீழே உள்ள எதையும் படித்துப் பயனில்லை.

அறிகுறி: நல்ல கை அமைகிறது, ஆனால் பெரிய பொட் எல்லாம் போய்விடுகிறது

இதுதான் ஆகப் பெரிய வருத்தம், ஆகக் கூடுதலாக வருவதும் இதுதான். கை அமைந்தது உண்மை. ஆனால் மற்றவருக்கு அதைவிட நல்லதாக அமைந்தது.

ஆறு பேர் இருக்கும் ஹோல்டெம் மேசையில் இரண்டு காட் ஜோடிகள் மொத்தம் ஆறு. ஒமாஹாவில் ஒவ்வொருவரிடமும் ஆறு, எல்லாமாக முப்பத்தாறு. மேசையில் எது சாத்தியமோ அது பெரும்பாலும் யாரோ ஒருவரின் கையில் இருக்கிறது, முக்கியமாக அவர் பெரிதாகக் கேட்கும்போது. ஹோல்டெமில் 9 வைத்த ஃபிளஷ் நல்ல கை. இங்கே அது பெரிய பொட்டில் உங்களைக் கொல்லும் கை. கிங்-8-4 மேசையில் கையில் 4-4 வைத்து செட் (ஒரே காட் மூன்று) எடுத்தவரும் அப்படித்தான். சிறிய பொட்டில் வெல்வார், பெரிய பொட்டில் எதிரே 8-8 ஜோடியையோ கிங் ஜோடியையோ பார்ப்பார்.

திருத்தம்: ‘எனக்கு என்ன இருக்கிறது’ என்று தொடங்காதீர்கள். முதலில் மேசையைப் பார்த்து நட்ஸ் எது என்று சொல்லுங்கள், அதாவது அந்த மேசைக்கு யாருக்கும் அமையக்கூடிய ஆகச் சிறந்த கை. பிறகுதான் உங்கள் கை. மேசையை வாசிக்க மூன்று கேள்வி:

மேசையில் ஜோடி விழுந்ததா? விழாவிட்டால் ஒருவருக்கும் ஃபுல் ஹவுஸ் இல்லை.

ஒரே இனத்தில் மூன்று வந்ததா? வராவிட்டால் ஒருவருக்கும் ஃபிளஷ் இல்லை.

ஐந்து இலக்க இடைவெளிக்குள் மூன்று காட் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒருவருக்கும் ஸ்ட்ரெய்ட் இல்லை.

ரிவர் காட் (ஐந்தாவது, கடைசிப் பொதுக் காட்) விழுந்ததும் இதை மனதுக்குள் சொல்லிப் பழகுங்கள். முன்னூற்றி நாலில் இருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது, அதை நான் மனதாரச் சொல்கிறேன். துருப்பு எத்தனை போனது, எது இன்னும் வெளியில், யாரிடம் இருக்கும் என்று எண்ணுகிற பழக்கம் எங்களுக்குச் சின்ன வயதிலேயே வந்தது. போனில் ஹோல்டெம் மட்டும் பழகியவருக்கு அது இல்லை. அவர் தன் காட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒமாஹா கேட்பது முதல் பழக்கத்தைத்தான்.

அறிகுறி: ஆஸ் ஜோடி வந்தாலே தோல்வி

ஹோல்டெமில் ஆஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறை. ஒமாஹாவில் ஏறக்குறைய 39 கைக்கு ஒருமுறை. அடிக்கடி வரும் பொருளுக்கு அந்த விலை இல்லை. அதோடு, ஹோல்டெமில் ஆஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மோதினால் ஐந்தில் நாலு முறை ஆஸ் வெல்லும். ஒமாஹாவில் ஆஸ்-ஆஸ்-7-2 நாலும் நாலு இனமாக இருந்து, எதிரே ஜாக்-10-9-8 இரண்டிரண்டு ஒரே இனமாக இருந்தால் நிலைமை பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு நெருங்கிவிடும்.

ஆக, ஆஸ் ஜோடியைப் பார்க்காதீர்கள், அதோடு வந்த மற்ற இரண்டையும் பாருங்கள். இரண்டு ஆஸுக்கும் தன் இனத்தில் துணை இருந்து, மற்றவை அடுத்தடுத்த காட்டாக இருந்தால் அது அருமையான கை, துணிந்து ஏற்றுங்கள், அதாவது மற்றவர் கேட்டதைவிடக் கூட்டிக் கேளுங்கள். துணை இல்லாத ஆஸ் ஜோடி என்றால், ஃப்ளொப்புக்கு (முதல் மூன்று பொதுக் காட்) முன்பே உங்கள் கொட்டையில் பெரிய பங்கு உள்ளே போகக்கூடிய நேரத்தில்தான் திருப்பி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மலிவாக ஃப்ளொப் பாருங்கள். மூன்றாவது ஆஸும் இல்லை, ஆஸ் ஃபிளஷுக்கு வழியும் இல்லை, எதிரே இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். ஆஸ் ஜோடியை விட மனம் வராதுதான். ஹோல்டெமில் அந்த ஜோடி எத்தனையோ தரம் வென்று தந்திருக்கும். ஆனாலும் விடுங்கள்.

அறிகுறி: வருகிற கை எல்லாம் விளையாடக்கூடியதாகத் தெரிகிறது

நாலு காட்டில் ஏதோ இரண்டு எப்போதும் அழகாக இருக்கும். அதுதான் பொறி. ஒமாஹாவில் 270,725 விதமான தொடக்கக் கை உண்டு. அவற்றில் பெரும்பங்கு ஒன்றுக்கும் உதவாது.

முன்னூற்றி நாலிலும் முதலில் நாலு காட் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறோம். அதனால் எங்கள் ஆட்களுக்கு நாலு காட்டைப் பார்த்ததும் தன்னாலே ஒரு கணக்கு ஓடும்: ஜாக் முப்பது, 9 இருபது, ஆஸ் பதினொன்று, 10 பத்து. அங்கே ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனி மதிப்பு, ஒவ்வொன்றும் தனியே பிடி எடுக்கும். இங்கே ஒரு காட்டுக்கு மதிப்பு கிடையாது. ஜோடிக்குத்தான் மதிப்பு. நாலும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

ஜாக்-10-9-8 பேசும். ஆஸ்-கிங்-குயின்-ஜாக் பேசும். கிங்-குயின்-ஜாக்-3 என்றால் 3 தனியே நிற்கிறது. ஆறு ஜோடியில் மூன்று அந்த 3 உள்ளவை, மூன்றும் செத்தவை. பாதிக் கையோடு முழுக்கையை எதிர்க்கிறீர்கள். கிங்-9-6-2 வந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

புதியவர்கள் ஆசையோடு பிடித்துக்கொள்ளும் வேறு சில கைகளும் உண்டு. நாலு ஏழும் கையிலேயே வந்தால் சந்தோஷப்படாதீர்கள். இரண்டைத்தான் எடுக்கலாம், செட் ஆக ஐந்தாவது ஏழு கட்டில் இல்லை. மூன்று கிங் வந்தாலும் வெளியில் இருப்பது ஒரே ஒரு கிங். ஒரே இனத்தில் மூன்று, நாலு வந்தால் உங்களுக்கு வரவேண்டிய ஃபிளஷ் காட்டை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டும் இரண்டுமாக இருப்பதுதான் நல்லது.

அறிகுறி: எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியாமல் நிற்கிறேன்

கணக்கு ஒரு வரி: கடைசியாகக் கேட்டதை மூன்றால் பெருக்கி, அதற்கு முன் நடுவில் கிடந்ததைக் கூட்டுங்கள். நடுவில் 100 கிடக்கிறது, ஒருவர் 50 கேட்டார். மூன்று ஐம்பது 150, அதோடு 100. ஆக 250 வரை நீங்கள் வைக்கலாம். தொடக்கத்தில் ப்ளைண்ட் (இரண்டு பேர் கட்டாயம் முன்கூட்டி வைப்பது) 1, 2 என்றால் மூன்று இரண்டு ஆறு, அதோடு ஒன்று, ஏழு.

அளவு கட்டியிருப்பதால் இது மெதுவான விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நடுவில் 10 கொட்டை. இரண்டு பேர், ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் பொட் அளவு கேட்க மற்றவர் ஒத்துக்கொள்கிறார். ஃப்ளொப் முடிய 30, டேர்ன் (நாலாவது பொதுக் காட்) முடிய 90, ரிவர் முடிய 270. ஃப்ளொப்பில் நீங்கள் வைத்த பத்துக்குப் பின்னால் 30, பிறகு 90 நிற்கிறது. ‘பத்துத்தானே’ என்று ஒத்துக்கொள்ளும்போது உண்மையில் 130க்கான வாசலைத் திறக்கிறீர்கள். அடுத்த இரண்டு சுற்றுக்கும் வழி இல்லாத கை என்றால் அந்தப் பத்தையே வைக்காதீர்கள்.

அறிகுறி: நட்ஸ் என்னிடம்தான் இருந்தது, ஆனாலும் பாதிதான் வருகிறது, அல்லது முழுதும் போகிறது

இதை விளங்கிக்கொள்ள எனக்கு நீண்ட நாள் எடுத்தது. விளங்கிய அன்று விளையாட்டே வேறாகத் தெரிந்தது.

ஃப்ளொப்பில் ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 7. உங்கள் கையில் ஸ்பேட் ஜாக், டைமன் 10, கிளாவர் ஆஸ், ஆட்டின் 2. ஜாக் வரை ஸ்ட்ரெய்ட், இப்போதைக்கு நட்ஸ். எதிரே இருப்பவரிடம் ஆட்டின் ஜாக், கிளாவர் 10, ஆட்டின் ஆஸ், டைமன் குயின். அவருக்கும் அதே ஸ்ட்ரெய்ட். ஆனால் அவருக்கு இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஆஸ் ஃபிளஷ். 10 விழுந்தால் குயின்-ஜாக் சேர்ந்து உங்களைவிட உயர்ந்த ஸ்ட்ரெய்ட், ஜாக் விழுந்தால் குயின்-10 சேர்ந்து அதுவும் உயர்ந்தது. உங்களுக்கு? உங்கள் நாலும் நாலு இனம். ஆஸும் 2உம் ஒன்றோடும் சேராது. மிச்ச இரண்டு காட்டும் எதுவாக விழுந்தாலும் நீங்கள் முழுப் பொட்டை எடுக்கவே முடியாது. நல்லபடி போனால் பாதி. அவர் சும்மா இருந்தால் பாதி, அதிர்ஷ்டம் வந்தால் முழுதும். இப்படியான நேரத்தில் அவரோடு போட்டி போட்டு ஏற்றுவது அவருக்கே வாரிக் கொடுப்பது.

திருத்தம்: நட்ஸ் அமைந்ததும் ‘இதற்கு மேல் எனக்கு என்ன வழி’ என்று கேளுங்கள். வழி இருந்தால் முழு வேகத்தில் ஏற்றுங்கள். வழி இல்லை, எதிரே பெரிய எதிர்ப்பு, இன்னும் இரண்டு காட் வரவேண்டும் என்றால் ஒத்துக்கொண்டு போங்கள், ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ரிவரில் நட்ஸ் என்றால் வேறு கதை. இனி ஒரு காட்டும் வராது, அங்கே தயங்க வேண்டாம்.

மறுபக்கத்தில் இருந்து பார்த்தால், அமையாத கைக்கும் இங்கே பெரிய பலம் இருக்கிறது. ஹோல்டெமில் இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு எட்டு காட் உதவும். ஃப்ளொப்பில் இருந்து ரிவருக்குள் விழ ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒமாஹாவில் மேசையில் 9-8-2 மூன்றும் மூன்று இனமாகக் கிடக்க, கையில் ஜாக்-10-7-6 இருந்தால் எண்ணுங்கள்: நாலு குயின், நாலு 5, மூன்று ஜாக், மூன்று 10, மூன்று 7, மூன்று 6. இருபது காட். விழ ஏறக்குறைய 70 வீதம். ஒன்றும் அமையாத கை, ஆனால் ஆஸ் ஜோடி மட்டும் வைத்திருப்பவரைவிட இவர்தான் முன்னால் நிற்கிறார். இதிலும் நட்ஸ் கண்ணோடு பாருங்கள். ஜாக் விழுந்தால் குயின்-10 வைத்தவர் மேலே, 10 விழுந்தால் குயின்-ஜாக் வைத்தவர் மேலே. ஆக, இருபதில் சுத்தமானது பதினாலு. அந்த மற்ற ஆறில் ஒன்று விழுந்து எதிரே பெரிதாகக் கேட்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

அறிகுறி: பொய்க்கு ஏற்றினால் ஒருவரும் போவதில்லை

ஏனென்றால் எல்லோரிடமும் ஏதோ வழி இருக்கிறது. புதியவர் முதல் சில மாதம் பொய்யை மறந்துவிடலாம். ஒரே ஒரு இடம் மட்டும் சொல்கிறேன்: மேசையில் மூன்று ஆட்டின், உங்களிடம் ஆட்டின் ஆஸ் மட்டும், வேறு ஆட்டின் இல்லை. உங்களுக்கு ஃபிளஷ் இல்லை, ஆனால் ஆஸ் ஃபிளஷ் வேறு ஒருவரிடமும் இருக்க முடியாது என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். கிங் ஃபிளஷ் வைத்தவர் பயப்படுவார். அதுவும் மேசையில் ஜோடி இல்லாதபோது, எதிரே கவனமாக விளையாடும் ஒருவர் மட்டும் இருக்கும்போது. எதையும் விடாத ஆளிடம் இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: ஒரே மாதிரிக் கைதான், சில இடத்தில் இருந்தால் வெல்கிறேன், சில இடத்தில் தோற்கிறேன்

இருக்கும் இடம்தான். கடைசியாகப் பேசுகிறவர் எல்லோரும் செய்ததைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறார். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் அரைகுறைக் கையை விடுங்கள், கடைசி இடத்தில் கொஞ்சம் தளர்த்துங்கள்.

அறிகுறி: சரியாக விளையாடியும் இரவு முழுக்கத் தோல்வி

அப்படியும் நடக்கும், ஹோல்டெமைவிடக் கூடுதலாகவே நடக்கும். கைகளின் வித்தியாசம் குறைவாக இருப்பதால் 60க்கு 40 என்ற நிலையில்தான் பெரும்பாலான மோதல்கள் முடிகின்றன. நாற்பது வீதக்காரர் தொடர்ந்து நாலைந்து முறை வெல்வது புதினமில்லை. அதனால் ஒரு இரவை வைத்து உங்கள் விளையாட்டை அளக்காதீர்கள். ஒரு கொப்பியில் பெரிய பொட் மட்டும் எழுதுங்கள்: கொட்டை உள்ளே போன நேரத்தில் நட்ஸ் யாரிடம், யாருக்கு மேலதிக வழி. நாற்பது கை சேர்ந்ததும் திரும்ப வாசித்தால் உங்கள் அறிகுறி உங்களுக்கே தெரியும். எங்கள் கொப்பியில் பாதிக்கு மேல் ‘இரண்டாவது ஃபிளஷ்’ என்றுதான் இருந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை வீட்டுக் காசில் தாங்க முடியாது. அறுவடைக் காசோ உரத்துக்கு வைத்த காசோ இந்த விளையாட்டுப் பக்கம் வரவே கூடாது. கொட்டையில் பழகுங்கள், கொட்டையிலேயே விளையாடுங்கள், அதிலும் இதே அளவு சுவை இருக்கிறது.

அறிகுறி: நான் வென்ற பொட்டில் பாதியை இன்னொருவர் எடுத்துப்போகிறார், அல்லது ஐந்து காட் தருகிறார்கள்

முதலாவது என்றால் நீங்கள் ஹை-லோ மேசையில் இருக்கிறீர்கள். போனில் மேசையைத் திறக்கும்போது பெயரைப் பாருங்கள். அதில் பாதிப் பொட் உயர்ந்த கைக்கு, பாதி தாழ்ந்த கைக்கு. தாழ்ந்த கை என்றால் எட்டுக்கு மேற்படாத, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து காட். அங்கேயும் கையில் இரண்டு, மேசையில் மூன்று. மேசையில் அப்படி மூன்று விழாவிட்டால் தாழ்ந்த கையே இல்லை, முழுப் பொட்டும் உயர்ந்ததுக்கு. ஆஸ்-2 மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக ஏற்றாதீர்கள். இன்னொருவரிடமும் ஆஸ்-2 இருந்தால் அந்தப் பாதியிலும் பாதிதான் உங்களுக்கு.

இரண்டாவது, ஐந்து காட் ஒமாஹா. விதி அதேதான், கையில் இருந்து இரண்டுதான். ஆனால் ஆறு ஜோடி பத்தாகிவிடும், எல்லோருடைய கையும் இன்னும் பலமாகும், இரண்டாவது ஃபிளஷுக்கு இன்னும் மதிப்புக் குறையும். நாலு காட்டில் கொப்பி எழுதி ஒரு போகம் பழகிய பிறகு அங்கே போங்கள்.